ரிலே ட்ரிப் கொடுத்தது, ஏசிபி திறக்கவில்லை: பேக்கப் பாதுகாப்பை எங்கே வைப்பது?

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மின் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். விஷயம் இதுதான். ஆலைக்குச் சொந்தமாக 1,600 கேவிஏ ட்ரான்ஸ்போமர் ஒன்று இருக்கிறது. 33 கிலோவோல்ட் பக்கம் ஒரு வக்கூம் பிரேக்கர் (கோளாறு வந்தால் கரண்டை வெட்டித் திறக்கும் பெரிய சுவிட்ச்), 400 வோல்ட் பக்கம் ஒரு ஏசிபி, அதாவது எயார் சேர்கிட் பிரேக்கர். பெரும்போக நெல் வந்து குவிந்து, ஆலை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஏசிபிக்குப் பின்னால் உள்ள பஸ்பாரில் (கரண்டைப் பங்கிடும் உலோகப் பட்டையில்) ஒரு பேஸ் பனலின் உடம்போடு அடித்துவிட்டது. ஏசிபியின் ரிலே (கரண்டைக் கண்காணிக்கும் கருவி) 0.4 செக்கனில் ட்ரிப், அதாவது "திற" என்ற உத்தரவு, கொடுத்ததாக லொக்கில் பதிவு இருக்கிறது. ஆனால் ஏசிபி திறக்கவில்லை. கிட்டத்தட்ட 1.5 செக்கனில் 33 கிலோவோல்ட் பிரேக்கர் திறந்த பிறகுதான் எல்லாம் நின்றது. அதற்குள் பஸ்பார் உருகி, பனலின் பின்தகடும் ஓட்டையாகிவிட்டது. மறுநாள் காலை ட்ரிப் பட்டனை அழுத்தினால் ஏசிபி ஒழுங்காகத் திறக்கிறது. ஒப்பந்தக்காரர் "பேக்கப் ரிலே ஒன்று போட்டால் சரி" என்று சொல்லி விலையும் கொடுத்திருக்கிறார். போடலாமா, எத்தனை செக்கன் வைப்பது என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, முதலில் அந்த விலைத்தாளை ஒரு பக்கம் வையுங்கள். நீங்கள் எழுதியதில் "மறுநாள் காலை ஒழுங்காகத் திறக்கிறது" என்ற வரிதான் என்னை நிறுத்தியது. மெக்கானிசம் இறுகியிருந்தால் அனேகமாகக் காலையிலும் முரண்டு பிடித்திருக்கும். ஏசிபியைத் தட்டித் திறக்கும் ட்ரிப் கொயில் எரிந்திருந்தால் காலையிலும் செத்துத்தான் கிடக்கும். இரவு திறக்காத ஏசிபி காலையில் திறக்கிறது என்றால், அந்த இரண்டு வேளைக்கும் நடுவில் மாறியது என்ன? வோல்ட்டேஜ்தான்.

ஏசிபியின் ஷன்ட் ட்ரிப் கொயிலுக்கு 230 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பல ஆலைகளில் அந்த வயர் ஏசிபியின் மேல் முனையில் ஒரு பேஸில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் ஒரு சின்ன ஃபியூஸ் வழியாக எடுக்கப்பட்டிருக்கும். பனல் கட்டுகிறவருக்கு அது இலகு, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சாதாரண நாளில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அதே பேஸ் நிலத்தோடு அடித்தால், அந்த இடத்தில் வோல்ட்டேஜ் பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிடும். ஷன்ட் கொயில் வேலை செய்ய அதன் அளவு வோல்ட்டேஜில் 70 வீதமாவது வேண்டும். ரிலே "திற" என்று கொன்டாக்டை மூடியிருக்கும், ஆனால் கொயிலுக்குப் போய்ச் சேர்ந்தது இருபதோ முப்பதோ வோல்ட்டாக இருக்கும். உங்கள் ரிலே சின்ன யூபிஎஸ் ஒன்றில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் ரிலே கடைசி வரை விழித்திருந்து லொக்கையும் எழுதியது. கொயிலுக்கு அந்த யூபிஎஸ் இல்லை.

இதை உறுதிப்படுத்த ஒரே ஒரு சோதனை போதும். லொக்கில் எந்த பேஸில் அடித்தது என்று இருக்கும். கொயிலுக்குப் போகும் வயர் எந்த பேஸில் இருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் காரணம் கிடைத்துவிட்டது. இன்னொரு விஷயமும் புரியும்: டெல்டா-ஸ்டார் ட்ரான்ஸ்போமரில் ஒரு பேஸ் நிலத்தோடு அடிக்கும்போது மற்ற இரண்டு பேஸிலும் வோல்ட்டேஜ் பெரிதாகக் குறையாது. அதாவது அன்று இரவு வேறொரு பேஸில் அடித்திருந்தால் அதே ஏசிபி சொன்னபடி திறந்திருக்கும், நீங்களும் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் சொல்லும் ரிலேயை வாங்கி, அதே ஏசிபியின் அதே கொயிலுக்கு, அதே வயரில் இருந்து ட்ரிப் கொடுத்தால் உங்களிடம் இரண்டு ரிலே இருக்கும், பாதுகாப்பு ஒன்றுதான் இருக்கும். பேக்கப் என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கும் அர்த்தம் இது: முதல் ஆள் எதனால் விழுந்தாரோ, அதனால் இரண்டாம் ஆள் விழக்கூடாது. பற்றரி வேறு, சிடி (ரிலேக்காகக் கரண்டைச் சுருக்கிக் கொடுக்கும் கரண்ட் ட்ரான்ஸ்போமர்) கோர் வேறு, கொயில் வேறு, முடிந்தால் கேபிள் போகும் பாதையும் வேறு. பெரிய கிரிட் நிலையங்களில் இதைக் கடுமையாகப் பார்ப்பார்கள். அம்பாறை, வாழைச்சேனை போன்ற 132/33 கிலோவோல்ட் கிரிட்டுகளின் மட்டத்தில் ஒரு பிரேக்கர் திறக்காமல் நின்றால், அதே பஸ்ஸில் உள்ள மற்ற பிரேக்கர்கள் எல்லாவற்றையும் திறந்து அந்த இடத்தைத் தனிமைப்படுத்த வேண்டும். பிரேக்கர் ஃபெயிலியர் பாதுகாப்பு என்று அதைத்தான் சொல்கிறோம். ஒப்பந்தக்காரர் உங்களிடம் "பேக்கப் ரிலே" என்று விற்கப் பார்ப்பதும் அனேகமாக அதன் சின்ன வடிவம்தான்.

அதன் வேலையை ஒரு வரியில் சொல்லலாம். ரிலே ட்ரிப் கொடுத்த கணத்தில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நேரம் முடிந்தும் கரண்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த மேல் பிரேக்கருக்கு, உங்களிடம் என்றால் 33 கிலோவோல்ட் பிரேக்கருக்கு, ட்ரிப் போகும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால்தான். ட்ரிப் மட்டும் வந்து கரண்ட் நின்றுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். கரண்ட் மட்டும் இருந்து ட்ரிப் இல்லையென்றால் அது வெறும் சுமை.

நேரத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது? ஏசிபி கொயிலுக்கு உத்தரவு வந்ததில் இருந்து ஆர்க் அணையும் வரை 70 மில்லி செக்கன் என்று வைப்போம். சரியான எண்ணை உங்கள் ஏசிபியின் கையேட்டில் எடுங்கள். கரண்ட் நின்றுவிட்டது என்று ரிலே உணர 30 மில்லி செக்கன். இந்த 30-ஐச் சிலர் விட்டுவிடுவார்கள். பிரேக்கர் திறந்த பிறகும் சிடியின் இரும்புக்குள் தங்கிய காந்தம் கரையும்போது இரண்டாம் பக்கத்தில் ஒரு மெல்லிய கரண்ட் கொஞ்ச நேரம் இழுபடும். அதைப் பார்த்து ரிலே "இன்னும் ஓடுகிறது" என்று ஏமாறக்கூடாது. அதற்கு மேல் 100 மில்லி செக்கன் கையிருப்பு. கூட்டினால் 200. உங்கள் ஆலைக்கு 0.2 செக்கனில் தொடங்குவது நியாயம். இதைவிடக் குறைத்து வீரம் காட்ட வேண்டாம். ஏசிபி ஒழுங்காகத் திறந்துகொண்டிருக்கும் போதே மேலே உள்ள பிரேக்கரும் விழுந்தால் ஆலை முழுக்க இருட்டாகிவிடும், பிறகு முதலாளி அந்த வசதியையே கழற்றச் சொல்வார். அப்படிக் கழற்றிப் போட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அன்றைய இரவின் கணக்குக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய செட்டிங்கின்படி 33 கிலோவோல்ட் ரிலே 40 அம்பியர், ஸ்டாண்டர்ட் இன்வேர்ஸ் வளைவு (கரண்ட் கூடக் கூடச் சீக்கிரம் ட்ரிப் கொடுக்கும் கணக்கு), டைம் மல்டிப்ளையர் (அந்த நேரத்தைப் பெருக்கும் எண்) 0.4. ட்ரான்ஸ்போமரின் முழுச் சுமை கரண்ட் 33 கிலோவோல்ட் பக்கம் 28 அம்பியர், 400 வோல்ட் பக்கம் சுமார் 2,310 அம்பியர். இம்பீடன்ஸ் (ட்ரான்ஸ்போமருக்குள்ளேயே உள்ள தடை) 6 வீதம். ஆகவே 400 வோல்ட் பக்கம் நேரடியாக அடித்தால், 2,310-ஐ 0.06-ஆல் பிரித்து, சுமார் 38,500 அம்பியர் பாயும். மூன்று பேஸும் சேர்ந்து அடித்தால் அது மேல் பக்கத்தில் 467 அம்பியராகத் தெரியும். ஆனால் ஒரு பேஸ் மட்டும் நிலத்தோடு அடித்தால், டெல்டா வைண்டிங் அதைப் பிரித்துவிடுவதால், மேலே இரண்டு வயரில் வெறும் 269 அம்பியர்தான் தெரியும். 269-ஐ 40-ஆல் பிரித்தால் 6.7 மடங்கு. அந்த வளைவில் 6.7 மடங்குக்கு 3.6 செக்கன், அதை 0.4-ஆல் பெருக்கினால் 1.44. பிரேக்கர் திறக்கும் நேரத்தையும் சேர்த்தால் 1.5. உங்கள் லொக்கும் அதையேதான் சொல்கிறது.

ஆகவே மேலே இருந்த ரிலே தவறு செய்யவில்லை. அது தன் கணக்குப்படி வந்து உங்கள் ட்ரான்ஸ்போமரைக் காப்பாற்றிவிட்டது. பஸ்பாரைக் காப்பாற்ற அதற்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான். ஏசிபி ரிலேயின் 0.4, பிரேக்கர் ஃபெயிலியரின் 0.2, மேல் பிரேக்கர் திறக்க 0.08 என்று வைத்தால் 0.68 செக்கனில் முடிந்திருக்கும். ஆர்க் கொட்டும் வெப்பம் நேரத்தோடு சேர்ந்து ஏறும். பாதிக்கும் குறைந்த நேரம் என்றால் பாதிக்கும் குறைந்த நாசம். பின்தகடு ஓட்டையாகாமல் இருந்திருக்கலாம், அந்தப் பக்கம் ஆள் நின்றிருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கலாம். பஸ்பாரை மாற்றலாம் தம்பி, ஆளை மாற்ற முடியாது. அன்று பின்னால் யாரும் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன்.

இந்த வசதிக்குப் புதிய பெட்டி வாங்கத் தேவை இருக்காது. நியூமெரிக்கல் ரிலேகள் பெரும்பாலானவற்றில் பிரேக்கர் ஃபெயிலியர் ஏற்கெனவே உள்ளே இருக்கும், செட்டிங்கில் அணைத்து வைத்திருப்பார்கள். மெனுவில் 50பிஎஃப் என்றோ சிபி ஃபெயில் என்றோ பாருங்கள். வேண்டியது ஒரு வெளியீட்டுக் கொன்டாக்டும், அங்கிருந்து 33 கிலோவோல்ட் பனலின் ட்ரிப் சேர்கிட்டுக்கு ஒரு கேபிளும்தான். அந்தப் பனலுக்குத் தனிப் பற்றரி இருப்பதால் மேல் பிரேக்கர் கீழே விழுந்த வோல்ட்டேஜை நம்பி நிற்காது.

கரண்ட் அளவு எவ்வளவு வைப்பது என்றும் கேட்பீர்கள். ஏசிபியின் அளவு கரண்டில் 20 வீதத்தில் வையுங்கள். முழுச் சுமைக்கு மேலே வைக்க வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள், தேவையில்லை. ட்ரிப் உத்தரவு வந்த பிறகுதான் அந்தக் கண் திறக்கிறது என்பதால் சுமை கரண்டைப் பார்த்து அது தானாகக் குழம்பாது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. புக்ஹோல்ஸ் ரிலே போன்றவை ட்ரான்ஸ்போமர் எண்ணெய்க்குள் வாயு சேர்ந்தால் அலாரமும், எண்ணெய் திடீரென்று வேகமாகத் தள்ளப்பட்டால் ட்ரிப்பும் கொடுக்கும். அந்த நேரத்தில் கரண்ட் அந்த 20 வீதத்துக்கும் கீழே இருக்கலாம், சுமை இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கரண்டை மட்டும் பார்க்கும் பிரேக்கர் ஃபெயிலியர் அங்கே குருடு. அந்த வகை ட்ரிப்புக்குப் பிரேக்கர் திறந்ததா மூடியதா என்று காட்டும் ஒக்சிலரி கொன்டாக்டையும் சேர்த்துப் பார்க்க வைக்க வேண்டும். ஆனால் ஒக்சிலரி கொன்டாக்டை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். கரையோரத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரேக்கர் திறந்திருக்கிறது என்று பனலில் பச்சை விளக்கு எரிந்தது, அம்பியர் மீட்டரில் முள் அசையாமல் சுமையைக் காட்டிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினால், மெக்கானிசத்தில் இருந்து ஒக்சிலரி சுவிட்சுக்குப் போகும் விரல் மொத்தக் கம்பியின் பின் கழன்று, கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் பின்னின் பூட்டு வளையம் துரு தின்று உதிர்ந்திருந்தது. பக்கத்தில் ட்ரிப் கொயிலின் மேலுறை கறுத்து, வார்னிஷ் கருகிய மணம். மெக்கானிசத்தின் கிரீஸ் பனங்கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது, ஸ்க்ரூட்றைவரால் குத்தினால் துண்டாக உடைந்தது. யாரோ முன்பு ஒரு முறை ட்ரிப் கொடுத்திருக்கிறார்கள், லாட்ச் அசையவில்லை. ஒரு கணம் மட்டும் கரண்ட் தாங்கும்படி செய்த கொயில் அது. பிரேக்கர் திறந்தால்தான் கொயிலின் கரண்ட்டும் வெட்டுப்படும். திறக்காததால் எரியும் வரை இழுத்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிரேக்கருக்குத் திறக்கும் வழியே இல்லை, அது யாருக்கும் தெரியவும் இல்லை.

அதனால்தான் ட்ரிப் சேர்கிட் சூப்பர்விஷன் இல்லாத பனலை நான் முழுப் பனல் என்று சொல்ல மாட்டேன். கொயிலைத் திறக்க வைக்காத அளவுக்குச் சில மில்லி அம்பியர் கரண்டை எப்போதும் அதன் வழியே விட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஏற்பாடு அது. கொயில் எரிந்தாலும், ஃபியூஸ் போனாலும், வயர் கழன்றாலும் உடனே அலாரம் கொடுக்கும். பிரேக்கர் மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் இரண்டு நிலையிலும் பார்க்கும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். காசில்லை, ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், பேக்கப் ரிலேக்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஏசிபியின் கொயிலுக்கு வோல்ட்டேஜ் கொடுக்கும் விஷயத்தை முடித்துவிடுவோம். நல்ல வழி, கொயிலை டீசி வகையாக மாற்றி 33 கிலோவோல்ட் பனலின் பற்றரியில் இருந்து தனி ஃபியூஸ் வழியாகக் கொடுப்பது. அது முடியாவிட்டால் கப்பாசிட்டர் ட்ரிப் பெட்டி ஒன்று. சாதாரண நேரத்தில் நிரம்பி, வோல்ட்டேஜ் விழுந்த பிறகும் ஒரு தடவை திறக்கப் போதுமான சக்தியை அது வைத்திருக்கும். அண்டர்வோல்ட்டேஜ் கொயில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது வோல்ட்டேஜ் விழுந்தால் தானாகவே திறந்துவிடும், அந்த வகையில் நம்பிக்கையானது. ஆனால் மாரி காலத்தில் நம் பக்கத்து லைன்களில் வோல்ட்டேஜ் ஒரு கணம் விழுந்து எழும்பாத நாள் குறைவு. ஒவ்வொரு தடவையும் ஆலை நின்றால் புழுங்கல் தொட்டியில் இருக்கும் நெல் பழுதாகும். நேரத் தாமதம் உள்ள வகையாக இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலையான ஒன்று. ஏசிபி திறக்காவிட்டால் 33 கிலோவோல்ட் பிரேக்கர் இருக்கிறது. அந்த 33 கிலோவோல்ட் பிரேக்கர் திறக்காவிட்டால்? உங்கள் கையில் அதற்கு மேலே பிரேக்கர் இல்லை, மின்சார சபையின் லைன்தான். கிரிட்டில் அந்த லைனைக் காக்கும் ஃபீடர் ரிலே ஒரு பேச்சுக்கு 300 அம்பியரில், மல்டிப்ளையர் 0.2-இல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரான்ஸ்போமருக்கும் ஏசிபிக்கும் நடுவில் மூன்று பேஸும் அடித்தால் 467 அம்பியர், மூன்று செக்கனுக்கு மேல் எடுக்கும். ஒரு பேஸ் நிலத்தோடு அடித்தால் 269 அம்பியர், ரிலே அதைக் கண்ணெடுத்தும் பார்க்காது. ஊரின் சுமையும் அதோடு சேர்ந்து 300-ஐத் தாண்டினாலும் மிக மெதுவாகத்தான் நகரும். ஃபீடரின் எர்த் ஃபோல்ட் ரிலேயும் (நிலத்துக்குப் போகும் கரண்டைப் பார்ப்பது) உதவாது, ஏனென்றால் டெல்டா வைண்டிங் அந்த நிலக் கரண்டை மேலே விடாது. லைனில் உங்களுக்குப் பக்கத்தில் ஓட்டோ ரீகுளோசர் (கோளாறில் திறந்து, தானே மறுபடி மூடிப் பார்க்கும் பிரேக்கர்) இருந்தால் நிலைமை கொஞ்சம் நல்லது. இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமர் எரிந்து, அந்த ஃபோல்ட் 33 கிலோவோல்ட் பக்கத்துக்கு ஏறிய பிறகுதான் மேலே யாராவது கவனிப்பார்கள்.

ஆகவே அந்த ஒரு பிரேக்கர் உங்களுக்குக் கடைசிக் கதவு. அதற்கு இரண்டாவது ட்ரிப் கொயில் போட இடமிருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இருந்தால், இரண்டு கொயிலுக்கும் தனித்தனி ஃபியூஸ். ட்ரான்ஸ்போமரின் நியூட்ரலில் ஒரு சிடி வைத்து, அதில் இருந்து வரும் எர்த் ஃபோல்ட் ரிலே நேராக 33 கிலோவோல்ட் பிரேக்கரைத் திறக்கும்படி செய்யுங்கள். மேலே இருந்து பார்த்தால் 269 அம்பியராகச் சுருங்கித் தெரியும் கரண்ட், நியூட்ரலில் 38,000 அம்பியராக முழுசாகத் தெரியும். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வைத்திருக்கும் காசை நான் என்றால் இந்தச் சிடிக்குத்தான் செலவழிப்பேன். 33 கிலோவோல்ட் பக்கத்துச் செட்டிங்கைத் தொடுவதென்றால் மின்சார சபையின் பாதுகாப்புப் பிரிவோடு பேசி, அவர்களுடைய வளைவோடு ஒத்துப்பார்த்து, பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் கையெழுத்தோடு செய்யுங்கள். இரண்டு ரிலேகளுக்கு நடுவில் 0.3 முதல் 0.4 செக்கன் இடைவெளி இருக்க வேண்டும்.

எல்லாம் போட்டு முடிந்ததும் சோதனை. சிறுபோக நெல் வருவதற்கு முன் ஆலை நிற்கும் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தித் திறந்து பார்ப்பது சோதனை இல்லை, அதுதான் உங்களை இவ்வளவு நாளும் ஏமாற்றியது. சுமையையும் சப்ளையையும் பிரித்து, பூட்டுப் போட்டு, நிலத்தோடு இணைத்த பிறகு, ரிலேக்குச் சிடியின் இரண்டாம் பக்கக் கரண்டைப் போன்ற சோதனைக் கரண்டைச் செலுத்துங்கள். கொயிலுக்குப் போகும் 400 வோல்ட் பக்க சப்ளை முற்றாக இல்லாத நிலையில் ஏசிபி திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏசிபியின் ட்ரிப் வயரை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, அதே கரண்டை மறுபடி செலுத்தி, 0.2 செக்கன் கழித்து மேல் பிரேக்கருக்கு உத்தரவு போகிறதா, அது உண்மையாகவே திறக்கிறதா என்று நேரம் எடுங்கள். முடிந்ததும் அந்த வயரைத் திருப்பி மாட்டி, மாட்டியதை இன்னொருவர் பார்த்து, இருவரும் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். சோதனைக்குக் கழற்றிய வயர் அப்படியே மறந்து போனதால் அடுத்த விபத்தில் திறக்காத பிரேக்கர்கள் உண்டு.

ஒவ்வொரு தடவையும் முதல் ட்ரிப்பின் நேரத்தைத் தனியாக எழுதி வையுங்கள். பல மாதம் அசையாமல் கிடந்த பிரேக்கர் முதல் தடவைதான் தாமதிக்கும், இரண்டாம் தடவை கிரீஸ் இளகி நல்ல பிள்ளை போலத் திறக்கும். முதல் தடவை 110 மில்லி செக்கன், இரண்டாம் தடவை 65 என்று வந்தால் மெக்கானிசத்தைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் போடும் வேலை வந்துவிட்டது. உங்கள் ஆலையில் உமித்தூசி வேறு. பனல் கதவின் ரப்பர் ஓரத்தையும் கேபிள் நுழையும் துளைகளையும் அடைத்து வையுங்கள்.

கொயில் வயர் எந்த பேஸ் என்று பார்த்ததும் எழுதுங்கள், லொக்கின் படத்தையும் அனுப்புங்கள். நியூட்ரல் சிடியின் விகிதத்தையும் ரிலேயின் அளவையும் அதை வைத்துக்கொண்டு பார்ப்போம்.